தலையில் கவிழ்த்த பேசின்

அக்டோபர் 3, வெள்ளி – மிலான்

பேராலயத்துக்கு மேற்கே ஐந்து நிமிட நடைக்குள் மூன்று தெருப் பலகைகள் வந்துவிடுகின்றன. ஸ்பதாரி என்றால் வாள் செய்வோர், ஆர்மொராரி என்றால் கவசம் செய்வோர், ஸ்பெரொனாரி என்றால் குதிமுள் செய்வோர். வாளும் இல்லை, கவசமும் இல்லை. சீஸ் கடையும் கைப்பைக் கடையும்தான். 15ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய அரசர்களுக்கெல்லாம் கவசம் அடித்துக் கொடுத்த மிஸ்ஸாலியா குடும்பத்தின் வீடு ஸ்பதாரி தெருவில் இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை இடித்துவிட்டார்கள். பெயர்ப் பலகைதான் மிச்சம்.

இந்தப் பயணத்தின் காரணமும் ஒரு பெயர்தான்: பாசினெட். 14ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் போர்வீரன் தலையில் இருந்த இரும்புக் கவசத்துக்கு அந்தப் பெயர். இணையத்தில் தேடினால் முதலில் கைக்குழந்தைத் தொட்டில்தான் வரும்; ஆங்கிலத்தில் அதற்கும் ஏறக்குறைய இதே எழுத்துக்கூட்டு. தொட்டிலின் பெயர் எப்படி வந்தது என்பதில் இரண்டு கருத்து உண்டு. தலைக்கவசத்தின் பெயரில் அந்தச் சிக்கல் இல்லை. பழைய பிரெஞ்சில் 'பாசின்' என்றால் அகன்ற பாத்திரம். அதோடு 'எட்' என்ற சிறுமை விகுதி சேர்ந்தால் சின்னப் பாத்திரம். நம் வீட்டு வாஷ் பேசினும், சென்னையில் ரயில் மெதுவாகும் பேசின் பிரிட்ஜும் இதே சொல்லின் பேரப்பிள்ளைகள்.

இன்னும் பின்னால் போனால் 6ஆம் நூற்றாண்டு. தூர் நகரத்துப் பேராயர் கிரெகோரி, பொன்னும் மணியும் இழைத்த இரண்டு மரக் கிண்ணங்களைப் பற்றி எழுதும்போது, இவற்றைப் பொதுமக்கள் 'பக்கினோன்' என்கிறார்கள் என்று போகிறபோக்கில் குறித்துவைத்தார். லத்தீன் படித்தவர் வாயில் வராத, சந்தையில் புழங்கிய சொல். இரும்புத் தொப்பிக்குப் பெயராக அமைந்தது அந்தச் சந்தைச் சொல்தான்.

காப்பி நின்றுகொண்டு குடித்தால் 1.40 யூரோ, நாற்காலியில் உட்கார்ந்தால் 4.50. விலைப்பட்டியலில் இரண்டு பத்தி இருப்பதைக் கவனிக்காமல் உட்கார்ந்தால் இரண்டாம் பத்திதான். பரிமாறியவர் பணிவாகவே சில்லறை கொடுத்தார். இரவு குங்குமப்பூ போட்ட அரிசிச் சோறு, ரிசொத்தோ, 16 யூரோ. அரிசி நடுவில் கொஞ்சம் நறுக்கென்று இருந்தால்தான் இங்கே பதம். நம் கணக்குக்கு இன்னும் ஒரு கொதி வேண்டும்.

அக்டோபர் 4, சனி – பிரேஷ்யா

காலையிலிருந்து விடாத தூறல். சித்னேயோ குன்றின் மேல் கோட்டை. மேலே ஏறக் கல் பாவிய சாலை. ரப்பர் அடிச்செருப்புக்கு அந்தக் கல் வழுக்கும். கோட்டைக்குள் மார்ஸோலி ஆயுத அருங்காட்சியகம். இந்த வட்டாரத்து மலைப் பள்ளத்தாக்குகளில் இரும்புத் தாது உண்டு, விறகு உண்டு, உலைத் துருத்தியை இயக்க ஆற்றுத் தண்ணீர் உண்டு. அதனால் கவசமும், பிறகு துப்பாக்கியும் இங்கே ஊர்த்தொழில். மார்ஸோலி என்ற தொழிலதிபரின் சேகரிப்பு, 1988 முதல் பொதுமக்கள் பார்வைக்கு இருக்கிறது.

இங்கே வந்தது கண்ணைப் பழக்கிக்கொள்ள. தலைக்கவசப் பெயர்களைக் குழப்பிக்கொள்ளாதவர் இல்லை. விளக்க அட்டையைப் பார்க்காமலே இனம் பிரிக்கக் கீழ்விளிம்பில் தொடங்க வேண்டும்.

கீழ்விளிம்பு கன்னத்தை ஒட்டி இறங்கி, அதையொட்டி வரிசையாகத் துளையிட்ட சின்னக் குமிழ்கள் நின்றால் பாசினெட். அந்தக் குமிழ்களுக்கு 'வெர்வெல்' என்று பெயர். இரும்பு வளையப் பின்னலால் ஆன கழுத்துத் திரையை மாட்டுவதற்காக. முகத்துக்கு நேரே ஆங்கில T எழுத்து மாதிரியோ, பழைய கிரேக்கக் கவசம் மாதிரியோ திறப்பு இருந்தால் பார்பூத்தா. பின்னால் கழுத்துக்கு மேல் வால்போல் நீண்டால் செலாத்தா. கன்னத் தகடுகள் இரண்டும் கீல் வைத்துத் திறந்து, மோவாயில் வந்து மூடினால் ஆர்மெட்.

பெயர்களின் கதை இரும்பைவிட ருசி. பார்பூத்தா என்றால் தாடிக்காரி. 14ஆம் நூற்றாண்டு இத்தாலியில் கூலிப்படையை எண்ணும்போது 'இத்தனை பார்பூத்தா' என்றே கணக்கு எழுதினார்கள். நாம் 'இத்தனை தலைக்கட்டு' என்று வரி போடுவது மாதிரி. செலாத்தா பிரெஞ்சுக்குப் போய் 'சலாத்' ஆனது. இலைக் கலவைக்கும் அங்கே அதே பெயர். ஆனால் உறவு கிடையாது: இலை சலாத் உப்பிலிருந்து வந்தது. இரும்பு சலாத் 'செதுக்கு வேலை செய்த' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்ததாகவே பெரும்பாலும் சொல்கிறார்கள். ஷேக்ஸ்பியரின் ஆறாம் ஹென்றி நாடகம் இரண்டாம் பாகத்தில், பசியோடு தோட்டத்துக்குள் நுழையும் கலகக்காரன் ஜாக் கேட் இந்தச் சிலேடையை விடாமல் பிழிகிறான்.

இந்த வரிசையில் பாசினெட்டுக்கு மட்டும் அடுக்களைப் பெயர். பதுவா நகர ஆவணம் ஒன்றில் 1281இல் 'பசினெத்தோ' வருகிறது, காலாட்படையின் தலையில். கிடைப்பவற்றில் மிகப் பழைய குறிப்புகளில் ஒன்று. குதிரைவீரன் அப்போது தலை முழுக்க மூடும் பெரிய உருளைக் கவசம் போட்டான். நடந்துபோகிறவனுக்குக் கட்டுப்படியானது கவிழ்த்த கிண்ணம்தான். அப்போது அது உண்மையிலேயே கிண்ண வடிவம்: உருண்டை, முகம் திறந்தது, மூடி கிடையாது. பெயர் வைத்தவர் கண்ணால் கண்டதைத்தான் சொன்னார்.

காவலர் ஒருவர் கண்ணாடிப் பேழைக்கு முன்னால் நெடுநேரம் நிற்பதைப் பார்த்துவிட்டு வந்தார். விரட்டத்தான் வருகிறாரோ என்று தோன்றியது. பக்கவாட்டில் நின்று பார்க்கச் சைகை காட்டிவிட்டுப் போனார். அவர் சொன்னது சரி: நேராகப் பார்த்தால் விளக்கொளி எதிரடித்துத் துளைகள் தெரியாது. பக்கத்திலிருந்து பார்த்தால் சுத்தியல் அடித்த தடம்கூடத் தெரிகிறது.

மதியம் கசோன்செல்லி, 13 யூரோ. இறைச்சியும் ரொட்டித் தூளும் உள்ளே வைத்து மடித்து, வெண்ணெயில் சேஜ் இலை பொரித்து மேலே ஊற்றிய மாவுப் பொட்டலம். தட்டில் எட்டே எட்டு. எண்ணித்தான் வைக்கிறார்கள் போல.

அக்டோபர் 5, ஞாயிறு – ரயிலில்

வெரோனா வரை மழை. போல்சானோ தாண்டியதும் வானம் துடைத்துவிட்ட மாதிரி. ஓர் இணைப்பு ரயில் நான்கு நிமிடத்தில் தப்பியது. அடுத்தது ஒரு மணி நேரம் கழித்து. நடைமேடையில் இருந்த பாட்டி ஒருவர் கேட்காமலே தன் பையிலிருந்து ஓர் ஆப்பிளை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். 'நன்றி' என்று எந்த மொழியில் சொல்வது என்று யோசித்து இத்தாலியனில் சொன்னால், ஜெர்மனில் பதில் வந்தது. இது தென் திரோல். 1919 வரை ஆஸ்திரியா, பிறகு இத்தாலி. எல்லாப் பலகையிலும் இரண்டு மொழி, எல்லா ஊருக்கும் இரண்டு பெயர்.

மெரானோவிலிருந்து மேலே போகும் சின்ன ரயில் ஃபின்ஷ்காவ் பள்ளத்தாக்கு முழுக்க ஆப்பிள் தோட்டங்களுக்கு நடுவே ஊர்கிறது. அறுவடைக் காலம். பச்சைப் பெட்டிகள் தண்டவாளத்தை ஒட்டி ஆள் உயரத்துக்கு அடுக்கியிருக்கிறார்கள். இறங்க வேண்டிய ஊர் ஜெர்மனில் ஷ்லுடெர்ன்ஸ், இத்தாலியனில் ஸ்லுதெர்னோ.

இரவு ஷ்லுட்ஸ்க்ராப்ஃபென்: ரை என்ற தானியத்தின் மாவு கலந்த சோமாசி, உள்ளே பசலைக்கீரையும் ரிக்கோட்டாவும், மேலே சிவக்க உருக்கிய வெண்ணெய். 14 யூரோ, வயிறு நிறைந்தது. சாப்பிட்டுக்கொண்டே கோட்டை நேரத்தைச் சரிபார்த்தபோது தெரிந்தது: திங்கட்கிழமை விடுமுறை. வாசலிலேயே எழுதியிருக்கும் விஷயம். பார்க்காமல் திட்டம் போட்டது நம் பிழை. ஒரு நாள் வீண், ஓர் இரவு வாடகை கூடுதல், 68 யூரோ.

அக்டோபர் 6, திங்கள் – க்ளூர்ன்ஸ், மால்ஸ்

வீண் என்று நேற்று எழுதியதைத் திரும்பப் பெற வேண்டும்.

தங்கிய அறை கூரைக்கு அடியில். குறுக்கே ஓர் உத்தரம், தோள் உயரத்துக்குச் சற்று மேலே. அதில் இரு மொழியில் ஒரு ஸ்டிக்கர்: ஜெர்மனில் 'கோப்ஃப்' ஜாக்கிரதை, இத்தாலியனில் 'தெஸ்தா' ஜாக்கிரதை. இரண்டுக்கும் தலை என்றுதான் பொருள். அதை வாசித்தது மண்டையில் இடித்துக்கொண்ட பிறகு.

'கோப்ஃப்' பழைய ஜெர்மனில் குடிக்கும் கிண்ணம். ஆங்கிலக் கப்பும் அதுவும் ஒரே வேர். 'தெஸ்தா' லத்தீனில் மண்பானை, பானை ஓடு. பிரெஞ்சுக்காரர் தலையைத் 'தேத்' என்பதும் அதிலிருந்துதான். ஆகவே ஸ்டிக்கர் சொல்வது: கிண்ணம் ஜாக்கிரதை, பானை ஜாக்கிரதை. இடித்துக்கொண்டது மண்டை. சங்கப் பாட்டில் மண்டை என்றால் பாணர் கையில் இருந்த உண்கலம். அதியமான் மார்பில் தைத்த வேல், பாணரின் 'அகன்மண்டை'யைத் துளைத்துப் போயிற்று என்று ஔவையார் பாடுவது அந்தக் கலத்தைத்தான் (புறநானூறு 235). இன்று மண்டை என்றால் நமக்குத் தலைதான் நினைவுக்கு வரும். மண்டை ஓட்டில் இருக்கும் ஓடும் சட்டி ஓடுதான். வடமொழிக் கபாலமும் கிண்ணம், ஓடு, தலையோடு மூன்றுக்கும் பொது.

இதை வைத்துப் பார்த்தால் பாசினெட் என்ற பெயரில் விநோதம் குறைகிறது. தலையைப் பாத்திரம் என்று அழைத்துப் பழகிய ஊர்களில், அதை மூடும் இரும்பையும் பாத்திரம் என்றார்கள். பானைக்கு மூடி இன்னொரு சட்டி.

மால்ஸில் ஓர் இரும்புக் கடை. ஆணி, மண்வெட்டி, தோட்டக் கத்தரி, பிளாஸ்டிக் சாமான். வாசலில் அடுக்கிய நீலத் துணி அலசும் பாத்திரங்களின் விலைச் சீட்டில் 'பச்சினெல்லா', 3.90 யூரோ. பச்சீனோ என்ற பேசினின் சின்ன வடிவம். தலைக்கவசத்துக்கு இத்தாலியனில் பச்சினெத்தோ. சிறுமை விகுதி மட்டும் வேறு; ஒன்று துணி அலச, மற்றது வாள்வெட்டு தாங்க. ஒன்று வாங்கியாயிற்று. கடைக்காரர் 'இதற்கு மூடி கிடையாது' என்று முன்னெச்சரிக்கையாகச் சொன்னார்.

ஜெர்மன் வழி இன்னும் நேரடி. தலைக்கவசத்துக்கு 'பெக்கன்ஹௌபெ': பேசின் தொப்பி. அந்தப் பெக்கனும் அதே லத்தீன் சந்தைச் சொல்தான், ஆல்ப்ஸைத் தாண்டிப் போனது. முகம் கழுவும் தொட்டி வாஷ்பெக்கன். இடுப்பெலும்பும் பெக்கன், பித்தளைத் தாளமும் பெக்கன். பிரெஞ்சில் 'பாசினெ' என்பது பழைய துப்பாக்கியில் மருந்து வைக்கும் சின்னக் குழி, காணிக்கை வாங்கும் தட்டுக்கும் அதே பெயர். மனமில்லாமல் பணம் கொடுப்பவனை 'பாசினெயில் துப்பினான்' என்பார்கள். பாணர் மண்டையில் இவர்கள் யாரும் எதுவும் போட்டிருக்க மாட்டார்கள்.

க்ளூர்ன்ஸ் முழுக்க மதில் சூழ்ந்த குட்டி ஊர். 1499இல் பக்கத்துக் கால்வென் போரில், இன்று சுவிட்சர்லாந்தில் இருக்கும் கிராவ்பூண்டனின் படை ஜெயித்து ஊரைச் சூறையாடியது. இன்றைய மதில் அதற்குப் பிறகு, 16ஆம் நூற்றாண்டில் எழுந்தது. சுற்றி வர அரை மணி கூட ஆகாது. மேலிருந்து இறங்கும் காற்று மட்டும் விடாது. தொப்பி இரண்டு முறை ஓடியது. ஆல்ப்ஸின் மிக வறண்ட பள்ளத்தாக்குகளில் இது ஒன்று. அதனால் மலைச்சரிவில் பழைய வாய்க்கால் வெட்டி ஆப்பிளுக்குத் தண்ணீர் கொண்டுவருகிறார்கள். காவிரிப் படுகைக்காரர் பார்த்தால் வாய்க்கால் முறை வைப்பதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்.

ரொட்டிக் கடையில் பார்ல் வாங்கினால் வாசனை தூக்கிவாரிப்போடும். இரண்டு வட்ட ரை ரொட்டி ஒட்டிப்பிறந்த மாதிரி இருக்கும். உள்ளே நீலப்பூ வெந்தயத்தின் இலை. நம் வெந்தயத்துக்குச் சொந்தக்காரச் செடி. கண்ணை மூடி முகர்ந்தால் ஊறவைத்த தோசை மாவு. ஒரு ஜோடி 1.80 யூரோ. மறுநாள்தான் ருசி என்று கடைக்காரம்மா சொன்னார். மறுநாள் கல்லாகத்தான் இருந்தது. சூப்பில் நனைக்க வேண்டும் என்று யாராவது சொல்லியிருக்கலாம்.

அக்டோபர் 7, செவ்வாய் – கூர்பூர்க்

காலை 4 டிகிரி. ஊரிலிருந்து கோட்டைக்கு இருபது நிமிட ஏற்றம். கோட்டைக்குப் பெயர் தந்தது மலைக்கு அப்பால் சுவிட்சர்லாந்திலுள்ள கூர் நகரம். அந்த ஊர்ப் பேராயர்தான் 13ஆம் நூற்றாண்டின் நடுவில் இதைக் கட்டினார். கூர் முனைத் தலைக்கவசம் இருக்கும் இடத்துக்குக் 'கூர்' என்றே பெயர் அமைந்தது நமக்கு மட்டும் கிடைக்கிற வேடிக்கை. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் மாட்ஷ் குடும்பத்திடம் போய், 1504 முதல் ட்ராப் குடும்பத்திடம் இருக்கிறது. இன்றும் அவர்களுடையதுதான். வழிகாட்டியோடுதான் உள்ளே போகலாம், ஏறக்குறைய ஒரு மணி நேரம். படம் எடுக்கக் கூடாது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார்கள். பென்சிலும் சின்ன நோட்டும் கொண்டுபோவது உத்தமம்.

முற்றத்தைச் சுற்றிய வளைவுகளில் குடும்ப மரத்தைச் சுவரோவியமாக வரைந்திருக்கிறார்கள். கிளை கிளையாக ஆட்கள், பெயர்ச் சுருள்கள். அதைப் பார்த்துக்கொண்டே நேரம் போய்விடும். ஆயுத அறைக்கு மிச்சம் வைக்கவும்.

இந்த அறையின் மகிமை, கவசங்கள் இங்கேயே இருந்தவை என்பது. வேறு பல அருங்காட்சியகங்களில் இருப்பது ஏலத்தில் வாங்கி, ஒன்றின் கையையும் இன்னொன்றின் காலையும் சேர்த்து நிறுத்தியது. இங்கே வீட்டுக்காரர் போட்டுக் கழற்றியது, வீட்டிலேயே தொங்கிற்று. விற்றுப்போனதும் உண்டு. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் உள்ள ராயல் ஆர்மரிஸில் இருக்கும் பேர்போன பாசினெட் ஒன்று இந்த அறையிலிருந்து போனதுதான்.

நின்று பார்க்க வேண்டிய கவசம் எண் 13, 1929இல் வெளியான பட்டியலில் கொடுத்த எண். 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் மிலானில் செய்தது. மார்புத் தகட்டின் ஓரங்களில் பித்தளைப் பட்டை. அதில் லத்தீனில் லூக்கா சுவிசேஷத்தின் ஒரு வரி: இயேசுவோ அவர்கள் நடுவே கடந்து போனார். எதிரிகளுக்கு நடுவே அடிபடாமல் கடந்து போக வேண்டும் என்ற வேண்டுதல், ஆபத்து வரும் இடத்திலேயே எழுதியிருக்கிறது.

மேலே பாசினெட். பெயரை நம்பி வந்தவர் ஏமாறுவார். கிண்ணமே இல்லை. மண்டை பின்பக்கமாகச் சாய்ந்து கூம்பாகி, உச்சி எலுமிச்சையின் காம்பு மாதிரி கூர்மை. முன்னால் முகமூடித் தகடு, நாய் மூஞ்சியாக நீண்டிருக்கிறது. கண்ணுக்கு இரண்டு பிளவு, விளிம்பு மேடாக எழுந்திருக்கிறது, ஈட்டி முனை வழுக்கி உள்ளே போகாமல் தடுக்க. வாய்ப் பிளவு தனி. மூச்சுத் துளைகள் இந்த வகையில் பெரும்பாலும் வலது கன்னத்தில்தான் கூடுதல். எதிரியின் ஈட்டி வருவது இடதுபுறம், அங்கே துளை போட்டால் தகடு பலவீனம்.

ஜெர்மன்காரர் இந்த மூஞ்சிக்கு வைத்த பெயர் ஹுண்ட்ஸ்கூகெல்: நாய் முக்காடு. ஆங்கிலத்தில் 'ஹௌண்ட்ஸ்கல்' என்று ஆனதில் வரும் 'ஸ்கல்' மண்டையோடு என்று நினைப்பார்கள். முக்காட்டைக் குறிக்கும் 'கூகெல்' காதில் சிதைந்ததாகத்தான் கொள்கிறார்கள். 1375இல் சுவிஸ் நாட்டுக்குள் புகுந்த பிரெஞ்சு, ஆங்கிலேயக் கூலிப்படைக்கு அங்குள்ள விவசாயிகள் கூக்லர் என்று பெயர் வைத்தார்கள், தலையில் இருந்ததைப் பார்த்து. போருக்கே அந்தப் பெயர் நிலைத்தது.

கிண்ணம் எப்படிக் கூம்பானது? அடி வழுக்க வேண்டும். தட்டையான உச்சியில் மேலிருந்து விழும் கோடரி முழு வேகத்தையும் கழுத்தில் இறக்கும். சரிவான உச்சியில் அது தோள்பக்கம் நழுவும். 14ஆம் நூற்றாண்டு முழுக்க உச்சி கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து பின்னால் நகர்ந்தது. பெயர் மட்டும் உருண்டைக் காலத்திலேயே நின்றுவிட்டது. எள்ளின் நெய்யை எண்ணெய் என்று சொல்லிப் பழகி, இன்று தேங்காய் எண்ணெய் என்று கூசாமல் சொல்கிறோமே, அதே கதை.

செய்முறையில் மட்டும் பாத்திரம் பாத்திரமாகவே இருந்தது. ஒரே இரும்புத் தகடு. ஒட்டு, இணைப்பு கிடையாது. முதலில் குழிவான கட்டைமேல் வைத்து உள்பக்கம் அடித்துத் தட்டுப்போல் ஆக்குவது. பிறகு திருப்பிப் போட்டு, உருண்டைத் தலை கொண்ட அடைகல்லின் மேல் வெளிப்பக்கம் வட்டம் வட்டமாக அடித்து உயர்த்துவது. இடையிடையே சிவக்கக் காய்ச்சி ஆறவிட வேண்டும். இல்லாவிட்டால் இரும்பு இறுகி விளிம்பில் வெடிக்கும். நம் ஊர்க் கன்னார் தவலை அடிப்பதைப் பார்த்தவருக்கு இதில் புதுசு ஒன்றுமில்லை. செம்பு இளகும், இரும்பு பிடிவாதம், வித்தியாசம் அவ்வளவுதான். கெடுவது இரண்டு இடத்தில். அவசரப்பட்டு உள்பக்கமே அடித்துக்கொண்டிருந்தால் உச்சி அப்பளமாகும். அடி அதிகம் விழும் இடமும் அதுதான். வெளியிலிருந்து உயர்த்தும்போது விளிம்பில் எழும் மடிப்பை உடனே தட்டித் தீர்க்காவிட்டால், மடிப்பு ஒன்றன்மேல் ஒன்று படுத்துப் பிளவாகிவிடும். தேர்ந்த கொல்லன் நெற்றியைத் தடிப்பாகவும் பின்புறத்தை மெல்லிசாகவும் விடுவான்.

ஓரத்தில் ஓடும் பொடித் துளைகள் உள்மெத்தைக்கு. லினன் துணிக்குள் கம்பளியோ குதிரை மயிரோ திணித்துத் தைத்து, அந்தத் துளைகளில் நூல் கோத்துக் கட்டுவது. மெத்தை இல்லாத கவசம் மணி. அடித்தால் உள்ளே இருப்பவனுக்குத்தான் ஓசை.

கழுத்துத் திரை மாட்டும் முறைக்காகவே இன்னொரு சுற்று நின்றது. வளையப் பின்னலின் மேல் விளிம்பில் ஒரு தோல் பட்டை தைத்திருக்கும். பட்டையில் வெர்வெல் இருக்கும் இடத்துக்கு நேரே கீறல். குமிழ்கள் கீறல் வழியாக வெளியே தலை காட்டும். அவற்றின் துளையில் ஒரு கயிறோ கம்பியோ ஓட்டிவிட்டால் திரை நின்றுவிடும். கழற்ற வேண்டுமானால் கயிற்றை உருவினால் போதும். துருப்பிடிக்கும் பின்னலை மணலோடு பீப்பாயில் போட்டு உருட்டித் துலக்குவார்கள், அதனால்தான் கழற்றும்படி வைத்தது. இக்காலத்தில் நகல் செய்வோர் தடுமாறுவதும் இந்தப் பட்டையில்தான். ஈரமான தோலில் அளவெடுத்துக் கீறிவிட்டால், காய்ந்து சுருங்கியதும் கடைசி மூன்று துளை நேர் நிற்காது. தோலை முதலில் நனைத்துக் காயவைத்து, பிறகு காதுக்கு நடுவிலிருந்து இருபுறமும் அளக்க வேண்டும். திரையின் எடை முழுக்கத் தலையில் தொங்காமல் தோளில் படியும்படி நீளம் விடுவதும் முக்கியம். குட்டையானால் தலை திரும்பாது. திரையும் முகமூடியும் சேர்ந்தால் ஐந்து கிலோவை நெருங்கும் சாமான் இது.

முகமூடியை இரண்டு பக்கமும் கீல் முள்ளில் தொங்கவிட்டிருக்கிறார்கள். முள்ளை உருவினால் முகமூடி கையோடு வரும். ஜெர்மன் வட்டாரத்தில் நெற்றி நடுவில் ஒரே கீல் வைத்து, கடிதப் பெட்டி மூடி மாதிரி மேலே தூக்குவது வழக்கம். எதுவானாலும் மூடிக்கொண்டு வெகுநேரம் தாங்காது. மூச்சு முட்டியதும் தூக்குவான். ஆபத்தான நேரம் அது. 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திரைக்குப் பதிலாகக் கழுத்துக்கும் தகடே வந்து, பிறகு ஆர்மெட்டும் செலாத்தாவும் பாசினெட்டை ஓரங்கட்டின. பெயரும் அதோடு போர்க்களத்தை விட்டது.

வழிகாட்டி இத்தாலியன், ஜெர்மன் இரண்டிலும் மாறிமாறிச் சொன்னார். பச்சினெத்தோ, பெக்கன்ஹௌபெ. இரண்டும் ஒரே பாத்திரம்தானே என்று கேட்டதற்குச் சிரித்துவிட்டு, தினமும் இரண்டையும் சொல்கிறேன், சேர்த்துக் கேட்டதில்லை என்றார்.

செர்வான்டிஸின் தொன் கிஹோத்தே நாவல் (1605) இந்தச் சொல்லுக்குச் செய்த கேலி வேறெங்கும் இல்லை. மழைக்குத் தலையில் பித்தளைப் பேசினைக் கவிழ்த்துப் போகும் நாவிதரைப் பார்த்து, பழங்கதை அரசன் மம்பிரினோவின் மந்திரக் கவசம் என்று பறித்துக்கொள்கிறார் நாயகர். ஸ்பானிய மொழியில் அந்தப் பாத்திரம் 'பாசீயா', தலைக்கவசம் 'யெல்மோ'. எஜமானைப் பகைக்காமலும் பொய் சொல்லாமலும் தப்பிக்க அவருடைய பணியாள் சாஞ்சோ சொல்லும் சொல் 'பாசியெல்மோ'. ஏறக்குறைய பெக்கன்ஹௌபெவின் ஸ்பானிய வடிவம். வேடிக்கைக்குச் சாஞ்சோ ஒட்டிய இரண்டு சொல்லை, ஜெர்மன்காரர் வேடிக்கை இல்லாமலே ஒட்டிவைத்திருக்கிறார்கள்.

அக்டோபர் 8, புதன் – எல்லை தாண்டி

மால்ஸிலிருந்து பேருந்தில் ரெஷன் கணவாய் ஏறி ஆஸ்திரியா. இடையில் ரெஷன் ஏரி. அணை கட்டி 1950இல் ஊர் மூழ்கியதில் தேவாலயக் கோபுரம் மட்டும் தண்ணீருக்கு மேல் நிற்கிறது. பேருந்து முழுக்க ஒரே பக்கம் சாய்ந்தது.

இன்ஸ்ப்ருக் அம்ப்ராஸ் கோட்டையில், திரோலை ஆண்ட இளவரசர் இரண்டாம் ஃபெர்டினாண்டின் சேகரிப்பு. 16ஆம் நூற்றாண்டிலேயே ஊர் ஊராகக் கடிதம் எழுதி, பேர்போன ஆட்களின் கவசத்தைக் கேட்டு வாங்கியவர். அரண்மனை ராட்சதர் பார்ட்ல்மே போன் 1560 வியன்னா விளையாட்டுகளில் அணிந்த கவசத்துக்குப் பக்கத்தில் நின்றால் யாருக்கும் பணிவு வரும். பாசினெட்டுக்காக வருபவர் நாள் முழுக்க ஒதுக்கத் தேவையில்லை. பெரும்பாலானவை அதற்குப் பிந்திய காலத்தவை.

நீல பச்சினெல்லா பெட்டிக்குள் அடங்கவில்லை. ஷ்லுடெர்ன்ஸ் தெருவோரத்தில் ஆளில்லாக் கடை: அலமாரியில் இரண்டு கிலோ ஆப்பிள் பைகள், பக்கத்தில் 3 யூரோ போட ஒரு தகர டப்பா. பூட்டு கூட இல்லை. ஆப்பிளைப் பச்சினெல்லாவில் கொட்டி மடியில் வைத்துக்கொண்டதில் கணவாய் முழுக்க வாசனை. ஓட்டுநர் இறங்கும்போது அதைப் பார்த்து ஏதோ சொன்னார். 'பெக்கன்' என்ற சொல் மட்டும் புரிந்தது.